இரண்டு வரிப் பதில்

— அதைச் சத்தமா படிக்க வேண்டாம், டாக்டரம்மா. எனக்கு மனப்பாடம்.

— படிக்கத்தான் பிரிஸ்பேன்ல இருந்து வந்தேன், பெனியமினா. போன செப்டம்பர்ல நான் எழுதினதை உங்க முகத்தைப் பார்த்து நானே படிக்கணும். "நீங்கள் சொல்வது நடக்காது. முதலில் கையேட்டைப் படியுங்கள்." கீழ மெரடித்னு என் பேரு. அதோட உங்க புகாரை மூடிட்டேன்.

— முதல்ல உட்காருங்க. இந்த இன்ஜின் சத்தத்துல நின்னுக்கிட்டுப் பேசினா சண்டை போடற மாதிரி இருக்கு. கோகோ குடிங்க. சவாயி தீவுக்கு வந்தவங்களை வெறும் வயித்தோட அனுப்பினா என் வீட்டுக்காரி என்னை உள்ள விடமாட்டா.

— உண்மையில, நீங்க சண்டை போட்டாலே எனக்குத் தேவலை. ஒரு ஊரோட கரண்ட் எப்படி நடந்துக்கும்னு கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பார்க்க நான் செஞ்ச மாடல் அது. இலவசமா வெளியிட்டப்ப முதல் பக்கத்துலயே எழுதினேன், யாரு வேணா திறந்து பார்க்கலாம், தப்பு இருந்தா சொல்லுங்கன்னு. நீங்க சொன்னீங்க.

— நான் பவர் ஹவுஸ்ல ஷிஃப்ட் பார்க்கறவன்மா. கண்ணால பார்த்ததை எழுதினேன். மேகம் மறைச்சா சோலார் கொஞ்சம் கொஞ்சமா குறையும்னு உங்க மாடல் சொல்லுது. இங்க அப்படி இல்ல. கரண்ட் லேசா தடுமாறினாலே போதும், தீவுல இருக்கற சோலார் அத்தனையும் ஒரே நொடியில கழண்டுக்கும். ஒத்தை டீசல் இன்ஜின் அந்தப் பாரத்தைத் தாங்காது. ரெண்டாவதும் கூடவே ஓடணும்.

— அதைத்தான் போன மாசம் நானே கண்டுபிடிச்சதா நினைச்சேன். ஒரே ஒரு வரி தப்பு. திருத்திட்டு, முன்னாடி யாராவது சொல்லியிருக்காங்களான்னு தேடினா உங்க பேரு நிக்குது. உங்க இங்கிலீஷ் பிழையா இருந்துச்சு. அதைப் பார்த்துட்டு... ரெண்டாவது பத்தியை நான் படிக்கவே இல்ல, பெனியமினா.

— என் பொண்ணுகிட்ட காட்டித் திருத்தியிருக்கணும். அவ டீச்சர்.

— தயவுசெஞ்சு சிரிக்காதீங்க. அக்டோபர்ல இங்க தீவு முழுக்கக் கரண்ட் போச்சுன்னு அப்புறந்தான் படிச்சேன்.

— வெள்ளை ஞாயிறு அன்னைக்கு, எங்க பிள்ளைங்களோட திருநாள். பிள்ளைங்க புதுத்துணி போட்டுக்கிட்டு சர்ச்ல வசனம் சொல்லிக்கிட்டிருந்தாங்க. பதினொரு மணி இருக்கும். ஒரே ஒரு மேகம். மூணு மணி நேரம் கரண்ட் இல்ல.

— யாருக்கும் எதுவும் ஆகலையே?

— பக்கத்து ஊர்ல, லெயாவா குடும்பத்துப் பெரியவர். வீட்டுல ஆக்சிஜன் மெஷின் வச்சிருந்தாங்க. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சிடுச்சு.

— செய்தியில அது வரலை.

— வராது. மறுநாள் விடியறப்ப அவங்க வீட்டு முன்னாடி மண்டி போட்டேன், தலைக்கு மேல பாயைப் போர்த்திக்கிட்டு. எங்க வழக்கம். அவங்க வந்து பாயை எடுத்தா மன்னிச்சாச்சு. எடுக்கலைன்னா என்ன செய்யறதுங்கறது அவங்க இஷ்டம். வெயில் நல்லா ஏறினப்புறம் அவரோட மகன் வந்து எடுத்தாரு.

— நீங்க ஏன் போனீங்க? நீங்க எச்சரிச்சவரு. நான் கேட்கலை, உங்க மேலதிகாரிங்களும் கேட்கலை. அந்தப் பாய்க்குக் கீழ இருந்திருக்க வேண்டியவ நான்.

— அவங்களை இழுக்காதீங்க, பாவம். பகல் ஷிஃப்ட்டுல எத்தனை இன்ஜின் ஓடணும்னு முடிவு பண்றது நான்தான்.

— உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே. அப்புறம் ஏன் அன்னைக்கு ஒண்ணு மட்டும் ஓடுச்சு?

— மூணு வருஷமா ரெண்டாவது இன்ஜினை நான் நிறுத்தினதே இல்ல, டாக்டரம்மா. டீசலை வீணாக்கறான்னு எல்லாரும் கேலி பண்ணினப்பவும் நிறுத்தலை. உங்க பதில் வந்துச்சு. இவ்வளவு படிச்சவங்க சொல்றாங்க, நமக்கு என்ன தெரியும்னு வெக்கமா போச்சு, அன்னைக்கே நிறுத்திட்டேன்.