கால் முறிந்த கோல்கீப்பருக்குப் பதிலாக

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை பிரியாணி என்றால் முதல் டப்பா என் மச்சான் தியோடர் வீட்டுக்குத்தான் போகும். ஜீவனஹள்ளியில் எங்களுக்கு அடுத்த தெருவில் அவர் வீடு. கொஞ்ச நாளாக அந்த டப்பா மூடிகூடத் திறக்கப்படாமல் திரும்பி வருகிறது. அருமையான பிரியாணி. எனக்கு வருத்தம் அதில்தான்.

லீக் நண்பர்கள் நடந்ததை எழுதிக் கொடுக்கச் சொன்னீர்கள். எழுதுகிறேன். மறைக்க என்னிடம் ஒன்றும் இல்லை. படித்து முடித்ததும் நீங்களே சிரித்துவிடுவீர்கள் என்று நம்புகிறேன். புதிதாக வந்திருக்கும் ஃபாதரும் படிப்பார் என்பதால் விளையாட்டைப் பற்றி முதலில் இரண்டு வார்த்தை.

நாங்கள் எட்டுப் பேர். ஆகஸ்டு மாதம் எங்களில் ஒருவரான க்ளென் வீட்டு மாடியில் ஏலம் விட்டு, இங்கிலாந்தில் ஆடும் கால்பந்துக்காரர்களை ஆளுக்குப் பதினொரு பேராகப் பிரித்துக்கொள்வோம். நாங்கள்தான் அவர்களுக்கு முதலாளிகள் என்பது அவர்களுக்குத் தெரியாது. நம் ஆள் அங்கே கோல் போட்டால் இங்கே நமக்குப் புள்ளி. ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் கோயில் வாசலில் க்ளென் புள்ளிகளை அறிவிப்பார். பிரசங்கத்தில் தூங்கியவர்களும் அதற்கு விழித்துக்கொள்வார்கள்.

ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் சும்மா கொடுக்கக் கூடாது, ஆளுக்கு ஆள் மாற்ற வேண்டும். சனிக்கிழமை முதல் ஆட்டம் தொடங்குவதற்கு முன் சாட்சியோடு கை குலுக்கினால் முடிந்தது. அப்புறம் அழுது புரண்டாலும் திரும்பாது.

ஜெயித்தவருக்கு ஒரு கப் உண்டு. சிவாஜிநகரில் மலிவாகக் கிடைத்தது. யாரோ செய்யச் சொல்லிவிட்டு வாங்காமல் போன பாட்மின்டன் கப். உச்சியில் மட்டையோடு ஒரு பெண் நிற்பாள். மூன்று வருஷமாக அவள் தியோடர் வீட்டு டி.வி. மேலேயே நின்றுகொண்டிருந்தாள். விருந்துக்குப் போகும்போதெல்லாம் நான் உட்காரும் நாற்காலி அவளுக்கு நேர் எதிரே இருக்கும். மூன்று கிறிஸ்துமஸ், மூன்று ஈஸ்டர் அவள் முகத்தைப் பார்த்தபடியே சாப்பிட்டிருக்கிறேன். அவள் என்னைப் பார்த்துத்தான் மட்டையை ஓங்குகிறாள் என்று நோராவிடம் ஒருமுறை சொன்னேன். நோரா என் மனைவி, தியோடரின் தங்கை. கண் டாக்டரைப் பார்க்கச் சொன்னாள்.

தியோடர் தங்கமான மனிதர். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அவரைப் பற்றி ஒரு சொல் தவறாகச் சொல்ல மாட்டேன். அவர் ஜெயித்துக்கொண்டே இருந்ததற்குக் காரணம் அவர் மூளை இல்லை, நெட்டையன். லண்டன் அணி ஒன்றின் முன்கள வீரன். அவனுடைய நிஜப் பெயர் எங்கள் யார் வாயிலும் நுழையாததால் நெட்டையன் என்றே வைத்துக்கொண்டோம். நின்ற இடத்தில் தலையை ஆட்டினால் பந்து வலைக்குள் போய்விடும். அவனை மட்டும் தியோடர் ஒவ்வொரு ஏலத்திலும் எப்படியாவது பிடித்துவிடுவார்.

2004 தவக்காலத்தில், அவர் மனைவி ஐரினுக்குக் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. டாக்டர் நிருபமா ஊசியால் கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் போன் செய்கிறேன், எந்த நம்பர் என்று கேட்டார். தியோடர் என் மொபைல் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தார்.

"கெட்ட செய்தின்னா எனக்குக் கை கால் ஓடாது மாப்ளே. நீ கேட்டுக்கோ. நீ சொன்னா தாங்கிப்பேன்."

அவ்வளவு நம்பிக்கை என் மேல். இதைப் படிக்கும்போது நீங்கள் அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

தவக்காலத்தில் எல்லோரும் எதையாவது விடுவோம். சிலர் கறி, சிலர் பீர், சிலர் சினிமா. வியாழக்கிழமை மாலை தியோடர் என் பக்கத்தில் உட்கார்ந்து, ஐரினுக்காக ஒரு நேர்ச்சை வைக்க வேண்டும், கறியை ஏற்கெனவே விட்டாயிற்று, வேறு எதை விடுவது என்று கேட்டார். நெட்டையனின் பெயரை முதலில் எடுத்தது அவர்தான். நான் இல்லை. இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

நான் சொன்னது இவ்வளவுதான்: "வலிக்காததைக் கொடுத்தா அது நேர்ச்சையா மச்சான்? சாமிக்குத் தெரியாதா, நமக்கு எது வலிக்கும்னு?"

இது வேதத்துக்கு விரோதமான பேச்சு இல்லை. ஃபாதரே சொல்லட்டும்.

அவர் விரல் விட்டு எதையோ எண்ணினார். பிறகு, "நெட்டையனைக் கொடுத்துட்டா, ஸும்னே சொல்லலடா, நெசமாவே என் உசிரே போயிடும்" என்றார். சனிக்கிழமை காலைக்குள் முடிவு செய்கிறேன் என்று எழுந்து போனார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், வைட்ஃபீல்டில் என் ஆபீஸ் கேன்டீனில் இருந்தேன். டாக்டர் நிருபமா கூப்பிட்டார். கன்னடம் பாதி, தமிழ் பாதியாகப் பேசுவார். "ஏனூ இல்ல சார், ஒண்ணும் இல்ல, சாதாரண கட்டிதான். பயப்பட வேண்டாம்னு அவங்க கிட்ட சொல்லிடுங்க." நன்றி சொல்லி வைத்தேன். எனக்கு நிஜமாகவே கண் கலங்கியது. பக்கத்தில் இருந்தவருக்கு என் செலவில் ஒரு ஜாமூன் வாங்கிக் கொடுத்தேன்.

தியோடர் நம்பரை எடுத்தேன். எடுத்துவிட்டு யோசித்தேன். இப்போது சொன்னால் அவருக்கு இது ஆஸ்பத்திரி முடிவு, அவ்வளவுதான். நேர்ச்சைக்கு அப்புறம் சொன்னால் ஜெபத்துக்குக் கிடைத்த பதில். ஒரே செய்திதான், ஆனால் இரண்டாவதில் சந்தோஷம் எவ்வளவு அதிகம் என்று பாருங்கள். தாமதித்தால் கெட்டுப்போக நல்ல செய்தி என்ன மீனா? போனைச் சட்டைப் பையில் போட்டேன்.

சனிக்கிழமை காலை தியோடர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். ஷேவ் செய்யாத முகம். க்ளென் சாட்சி. சும்மா கொடுக்கக் கூடாது என்பதால், கால் முறிந்து கட்டுப் போட்டுப் படுத்திருந்த என் கோல்கீப்பரை அவருக்குக் கொடுத்தேன். நெட்டையனை அவர் எனக்குக் கொடுத்தார். கை குலுக்கும்போது அவர் கை சில்லென்று இருந்தது. ஐரின் எல்லோருக்கும் காபி கொண்டுவந்தாள். கழுத்தில் துப்பட்டா சுற்றியிருந்தாள்.

"போன் எதுவும் வரலையா அண்ணா?"

"இன்னும் இல்லம்மா. ஜெபம் பண்ணு."

அப்போதே சொல்லியிருக்கலாமே என்று க்ளென் கேட்கிறார். கை குலுக்கிய சூட்டோடு சொன்னால் யாருக்கும் சந்தேகம் வராதா? எதற்கும் ஒரு இடைவெளி வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சொன்னேன், டாக்டர் இப்போதுதான் கூப்பிட்டார் என்று. தியோடர் கோயில் வாசலில், அத்தனை பேர் முன்னால் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். ஐரின் மண்டியிட்டுவிட்டாள். அன்று க்ளென் புள்ளி அறிவிக்கவே மறந்துவிட்டார். அப்படியொரு ஞாயிற்றுக்கிழமையை அவர்களுக்கு வேறு யாரால் கொடுத்திருக்க முடியும்?

மே மாதம் கப் என் வீட்டுக்கு வந்தது. தியோடரே துடைத்து, பளபளவென்று கொண்டுவந்து டி.வி. மேல் வைத்தார். எல்லாம் சுபமாக முடிந்திருக்கும். ஐரினின் நன்றியுணர்ச்சிதான் கெடுத்தது. ஜூனில் தன் பிறந்தநாளுக்குச் செய்த கேக்கில் பாதியை டாக்டர் நிருபமாவுக்கு எடுத்துக்கொண்டு போனாள். ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் போன் செய்த நல்ல மனசுக்காம். "சண்டே நான் ஊர்லயே இல்லையேம்மா, வெள்ளிக்கிழமையே சொல்லிட்டேனே" என்றாராம் டாக்டர். மிச்சம் உங்களுக்குத் தெரியும்.

தியோடர் என்னைத் திட்டவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்: "அப்போ நான் கை குலுக்கும்போது உனக்குத் தெரியுமா?" தெரியும் என்றேன். நான் பொய் சொல்கிறவன் இல்லை.

கப்பைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா என்று நீங்கள் முடிவு செய்யுங்கள். நெட்டையன் விஷயத்தில் விதி தெளிவாக இருக்கிறது, அதை மட்டும் ஞாபகப்படுத்துகிறேன். நோராவும் எதையோ எழுதித் தரப் போகிறாளாம். அவள் சனிக்கிழமை சாயங்காலத்தைப் பற்றித்தான் எழுதுவாள். அதனால் அதையும் நானே சொல்லிவிடுகிறேன்.

அன்று நெட்டையன் மூன்று கோல் போட்டான். மூன்றாவது கோல் விழுந்ததும் நான் நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்து கத்தினேன். சமையலறையிலிருந்து நோரா மாவுக் கையோடு ஓடி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு, கண்ணெல்லாம் தண்ணீர்.

"போன் வந்துடுச்சா? அண்ணிக்கு ஒண்ணும் இல்லையாமா?"

"போன் வரல. கோல்" என்றேன்.

அவள் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். நான் ஆட்டத்தின் மிச்சத்தைப் பார்த்தேன். பாவம், கால்பந்து தெரியாதவள், அதனால்தான் என் சந்தோஷத்தில் அவளால் கலந்துகொள்ள முடியவில்லை என்று அன்றைக்கு நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.