சிவப்பு நூல் கட்டிய இரண்டு கிட்டார்கள்

முதலில் ஒரு விஷயம், ஐயா. உங்கள் அறைக் கதவு சரியில்லை. அடியில் ஒரு விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி இருக்கிறது. நான் இங்கே சொல்வதெல்லாம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவருக்கு அட்சரம் பிசகாமல் கேட்கும். ரப்பர் பட்டை ஒட்டினால் போதும், அரை மணி நேர வேலை. வேண்டுமானால் நானே செய்து தருகிறேன். இப்போதைக்கு எனக்கு வேறு வேலையும் இல்லை.

என் சட்டைப் பையிலிருந்து எடுத்தவற்றை மேசை விளிம்பில் வைத்திருக்கிறீர்கள். ரயில் டிக்கெட், கிட்டார் கம்பி மீட்டும் இரண்டு பிக், அந்தச் சின்ன பல்பு. பல்பை மட்டும் கொஞ்சம் உள்ளே தள்ளி வையுங்கள். உருண்டு விழுந்தால் உடைந்துவிடும்.

நான் எலக்ட்ரிக் கிட்டார் கடையில் ரிப்பேர் பார்ப்பவன். கடையின் பின்பக்கம் சோதனை அறை இருக்கிறதே, நீங்களும் போய்ப் பார்த்தீர்களே, அதைக் கட்டியது நான். எட்டடிக்கு ஆறடி. இரண்டு அடுக்குப் பலகை, நடுவில் பஞ்சு, கதவைச் சுற்றி ரப்பர். உள்ளே ஒருவர் முழுச் சத்தத்தில் வாசித்தாலும் வெளியே உட்கார்ந்திருக்கும் முதலாளிக்குத் தன் கொட்டாவிதான் கேட்கும். ஜன்னல் கிடையாது. காற்றுக்குக் கூரையில் ஒரு விசிறி. வெளியே கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு. உள்ளே இருப்பவர் சுவிட்சைப் போட்டால் அது எரியும், நான் போய்த் திறப்பேன். செல்போனை வெளியே தட்டில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், ஏனென்றால் போன் பக்கத்தில் இருந்தால் கிட்டார் அதையும் சேர்த்துப் பாடும்.

எங்கள் கடையில் இன்னொரு வழக்கம் உண்டு. ஒரு கிட்டாரை ஒருவர் யோசித்துக்கொண்டிருந்தால் அதன் கழுத்தில் சிவப்பு நூல் கட்டுவோம். நூல் இருக்கும்வரை அதை வேறு யாருக்கும் காட்டக்கூடாது. வேண்டாம் என்று முடிவானால் அவரே தன் கையால் நூலை அவிழ்த்துக் கொடுக்க வேண்டும். சாதாரணமாக ஒரு நூல் இரண்டு நாள் இருக்கும். எங்கள் அத்தான் கட்டிய இரண்டு நூல்கள் ஏழு மாதம் இருந்தன.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். எடைக் கருவிகளைச் சரிபார்க்கும் அலுவலகத்தில் வேலை. கடைத் தராசுகளைப் பார்த்து இது சரி, இது தப்பு என்று முத்திரை குத்துவார். அங்கேயே அன்றைக்கான முடிவுகள் எல்லாம் தீர்ந்துபோகும் போலிருக்கிறது. அவர்கள் வீட்டுக் கூடத்தில்தான் ஆறு வருடமாகப் படுத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கூடத்துச் சுவரில் நான்கு நிறங்களில் நான்கு திட்டுகள் இருக்கும். எந்த நிறம் அடிப்பது என்று பார்ப்பதற்காகப் பூசியவை. நான் வந்த வருடம் பூசியவை. மகள் பிறந்தபோது பெயர் முடிவாகவில்லை, பாப்பா என்று கூப்பிட்டார்கள். பள்ளியில் சேர்க்கப் போன அன்று தலைமை ஆசிரியை பொறுத்துப் பார்த்துவிட்டு அவராகவே ஒரு பெயரை எழுதிக்கொண்டார். அத்தான் அதை இன்னும் பரிசீலித்துக்கொண்டிருந்தார். ஒருமுறை எந்த ரயிலில் ஊர் திரும்புவது என்று முடிவாகாமல் ஒரு நாள் முழுக்க நிலையத்திலேயே உட்கார்ந்திருந்து, மறுநாள் யாரோ ஏற்றிவிட, வந்து சேர்ந்தார்.

அக்காவுக்கு இதெல்லாம் பழகிப்போயிருந்தது. "எனக்குச் சரின்னு சொல்லவே ரெண்டு வருஷம் எடுத்துக்கிட்டாருடா. வேற யாரையாச்சும் பாத்துக்கலாம்னு நானே கிளம்பிட்டேன். அன்னிக்குன்னு பாத்து வந்து சரின்னுட்டாரு," என்பாள்.

"யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க," என்பேன்.

"யாரோ இல்ல, நீதான் வாசல்ல நின்னு 'என்னதான் சொல்றீங்க'ன்னு கத்துன."

அது உண்மைதான். அப்போதே எனக்கு இந்த விஷயத்தில் ஒரு கை இருந்திருக்கிறது.

இரண்டு கிட்டார்களையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒன்று பழசு, அத்தானைவிட மூத்தது. வார்னிஷ் முழுக்க மெல்லிய வெடிப்பு, முன்னாள் சொந்தக்காரரின் முழங்கை பட்டுப் பட்டு ஓரிடத்தில் மரம் தெரியும். காய்ந்த மரம் என்பதால் எடை குறைவு. சும்மா இருக்கும்போதும் லேசாக முணுமுணுக்கும், மழை வந்தால் சுருதி நழுவும். இன்னொன்று அதே வடிவத்தில் புதுசு. பிளாஸ்டிக் உறை பிரித்த வாசனை இன்னும் போகவில்லை. முணுமுணுப்பு கிடையாது, சுருதி வைத்த இடத்தில் நிற்கும். நேர்மையாகச் சொன்னால் இரண்டுமே நல்லவை. அதுதான் சிக்கல். ஒன்று மட்டமாக இருந்திருந்தால் நாம் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டோம்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் பதினொரு மணிக்கு வருவார். முதலாளி அவருக்குச் சனிக்கிழமை என்றே பெயர் வைத்திருந்தார். "உன் சனிக்கிழமை வந்தாச்சு, போய்க் கவனி." எனக்கும் சேர்த்து இரண்டு டப்பாவில் சாப்பாடு கொண்டு வருவார், அதைச் சொல்லாமல் விடக்கூடாது. உள்ளே போய் ஒரே எட்டு வரி மெட்டைப் பழசில் வாசிப்பார், பிறகு புதுசில், பிறகு கண்ணை மூடிக்கொண்டு மறுபடி பழசில். நன்றாகவே வாசிப்பார். பிறகு சிவப்பு விளக்கு எரியும்.

"மாப்ள, இதுல ஒரு ஆத்மா இருக்குடா."

"அப்போ இதையே எடுத்துக்குங்க அத்தான்."

"எடுத்துக்கலாம். ஆனா ஆத்மாவுக்கு வாரண்டி கிடையாதே."

கதவைச் சாத்திவிட்டு வந்து ஒரு கம்பியை மாட்டியிருப்பேன். மறுபடி விளக்கு.

"புதுசு சொன்ன பேச்சு கேக்குது மாப்ள. அசையவே மாட்டேங்குது."

"சரி, அப்போ புதுசு."

"சொன்ன பேச்சு கேக்குறதை வச்சுக்கிட்டு என்னடா பண்றது. கொஞ்சம் எதிர்த்துப் பேசணும்ல."

"அப்போ பழசு."

"நீ ஏன் பழசு பழசுன்னே சொல்ற? உன் கடையில விக்காம கெடக்கா?"

ஒரு சனிக்கிழமை எண்ணிப் பார்த்தேன், முப்பத்தெட்டு முறை விளக்கு எரிந்தது. நான்காவது மாதம் வேறொரு குறை சொன்னார். கீழ்க் கம்பியைத் தட்டினால் கதவின் உள்கைப்பிடி அதிர்கிறதாம், அந்தக் கிர்ர் கிட்டாருடையதா கைப்பிடியுடையதா என்று பிரித்தறிய முடியவில்லையாம். சரியான காதுதான், உண்மையிலேயே அதிர்ந்தது. அதனால் கைப்பிடியைக் கழற்றிவிட்டேன். அதுமுதல் கதவை வெளியிலிருந்துதான் திறக்க முடியும். இது அவர் கேட்டுச் செய்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி என் விஷயம். வேறு ஊரில் முதலாளி புதிய பட்டறை தொடங்கினார். அதற்குத் தலைமை ரிப்பேர்காரனாக என்னைப் போகச் சொன்னார். தங்க ஓர் அறை, கதவு, அந்தக் கதவுக்கு என்னுடையதாக ஒரு சாவி. ஆறு வருடம் கூடத்தில் படுத்தவனுக்கு அது என்னவென்று உங்களுக்குப் புரியும். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார்.

"உன் சொந்தக்காரர் கட்டின நூலை அவிழ்த்துட்டுப் போ. நீ போனப்புறம் அவரை நான் வச்சுப் பாக்க முடியாது. செவ்வாய்க்கிழமைக்குள்ள ஒண்ணாவது அவிழணும். இல்லேன்னா இங்கயே இரு, வேற ஆளை அனுப்பிக்கிறேன்."

அன்றிரவு வீட்டில் அத்தானிடம் சொன்னேன். அவருக்கு ரொம்ப சந்தோஷம். பிறகு, "போகத்தான் போறியா? நல்லா யோசிச்சியா?" என்றார். நான் படுத்துக்கொண்டு அந்த நான்கு திட்டுகளையும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தாவது திட்டாக நானும் அந்தச் சுவரில் காய்ந்துவிடுவேன் என்று தோன்றியது. கோபமெல்லாம் வரவில்லை. எனக்குக் கோபமே வராது, அக்காவைக் கேட்டுப் பாருங்கள்.

கடைசிச் சனிக்கிழமை கடை அரை நாள்தான். அடுத்த இரண்டு நாள் விடுமுறை. முதலாளி பன்னிரண்டு மணிக்கே வெளியூர் கிளம்பிவிட்டார். என் ரயில் ஐந்து மணிக்கு. அத்தான் அன்று தாமதமாக, ஆனால் வழக்கம்போல் இரண்டு டப்பாக்களோடு வந்தார், போனைத் தட்டில் வைத்தார்.

"இன்னிக்கு முடிவு பண்ணிடுறேன் மாப்ள. உன்னை நிம்மதியா அனுப்பி வைக்கணும்."

"முடிவு பண்ணாம வெளிய வரமாட்டீங்கல்ல?"

"வரவே மாட்டேன். நீ சாத்து."

சாத்தினேன். மணி ஒன்று. இருவருக்கும் இடையே அது ஒப்பந்தம் மாதிரிதான். என் பங்கை நான் அப்படியே நிறைவேற்றினேன்.

கதவுக்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். மூன்று மணி நேரம் வேறெங்கும் போகவில்லை. தட்டில் இருந்த அவர் போன் நான்கு முறை அடித்தது, யோசிக்கிறவருக்குத் தொந்தரவு வேண்டாமே என்று அணைத்து வைத்தேன். உள்ளே அவருக்கு அது கேட்காது என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. என் டப்பாவைச் சாப்பிட்டேன். நேரம் ஆகிவிட்டது, ஊசிப்போய்விடும் என்று அவருடையதையும் சாப்பிட்டேன். விளக்கு எரியவே இல்லை. ஏழு மாதத்தில் அவ்வளவு அமைதியான சனிக்கிழமை எனக்கு வாய்த்ததில்லை.

நான்கு மணிக்கு எழுந்தேன். மெயின் சுவிட்ச் பக்கத்தில் முதலாளி அட்டையில் எழுதி ஒட்டியிருக்கிறார்: கடைசியாகப் போகிறவர் மெயினை அணைக்க வேண்டும். கடைசியாகப் போகிறவன் நான்தான். அணைத்தேன். கூரை விசிறியும் நிற்கும், உள்விளக்கும் போகும், தெரியும். இருட்டில் காது நன்றாக வேலை செய்யும் என்று அத்தானே சொல்வார். ஆனால் மின்சாரம் இல்லாத எலக்ட்ரிக் கிட்டார் கம்பி கட்டிய பலகைதான், அதில் கேட்பதற்கு என்ன இருக்கும் என்று ஷட்டரை இறக்கும்போது ஒரு கணம் நினைத்தேன்.

ரயிலில் அக்கா கூப்பிட்டாள். "அத்தான் போனே எடுக்கலடா. உன்கூட இருக்காரா?"

"நான் கிளம்பும்போது யோசிச்சிட்டு இருந்தார்க்கா."

"இன்னுமா? சரி, யோசிக்கட்டும்."

அதில் பொய் எதுவும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை மறுபடி கூப்பிட்டாள். கடை வாசலிலிருந்து பேசினாள், பாப்பாவும் கூட இருந்தாள். "ஷட்டரைத் தட்டித் தட்டிப் பாத்துட்டேன்டா. உள்ள சத்தமே இல்ல. யாரும் இல்ல போல."

"அப்போ மறுபடி ஸ்டேஷன்ல எங்கயாச்சும் உட்காந்திருப்பார்க்கா. ஒரு நாள் பாரு."

சத்தமே இல்ல என்று அவள் சொன்னபோது எனக்கு உள்ளூர ஒரு பெருமை. ரப்பரை நான் நன்றாகத்தான் ஒட்டியிருக்கிறேன். இப்படிச் சொல்வது உங்களுக்கு ஒரு மாதிரி இருக்கலாம், ஆனால் வேலை வேலைதானே.

செவ்வாய்க்கிழமை முதலாளி திறந்தார். அத்தானின் மூச்சு நின்ற நேரம் உட்பட மற்றதெல்லாம் நீங்கள் எழுதி வைத்திருக்கிறீர்கள். அதில் சில விஷயங்களை நீங்கள் சொன்ன பிறகுதான் தெரிந்துகொண்டேன். கதவின் உள்பக்கம் முழுக்க அடித்த தழும்புகள், கீழே புதிய கிட்டார் கழுத்து ஒடிந்து கிடந்தது. பழசு அதன் பெட்டிக்குள், கொக்கியும் போட்டு, பத்திரமாக இருந்தது. புதுசின் சிவப்பு நூல் அவிழ்ந்து, நேர்த்தியாகச் சுருட்டி அவர் சட்டைப் பையில் இருந்தது.

ஆக, முடிவெடுத்துவிட்டார். பழசுதான். நான் முதல் வாரமே சொன்னது. ஏழு மாதம் ஆகாத காரியம் ஒரே தடவையில் ஆகியிருக்கிறது. கதவைச் சாத்தியது தப்பு என்று சொல்வீர்கள், ஆனால் பலன் கிடைக்கவில்லை என்று சொல்ல முடியாது. முதலாளியின் நிபந்தனையும் ஒருவகையில் நிறைவேறியது.

கடைசியாக ஒன்று கேட்டீர்கள். உள்ளே சுவிட்ச் போட்டபடியே இருந்திருக்கிறது. ஒன்றிலிருந்து நான்குவரை மின்சாரமும் இருந்தது. நான் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு விளக்கு ஏன் எரியவில்லை என்று.

அந்த பல்பை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி வையுங்கள், ஐயா. ஆமாம், அதுதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கழற்றினேன். விளக்கு எரிந்தால் என்னால் சும்மா உட்கார்ந்திருக்க முடியாது, எழுந்து போய்த் திறந்திருப்பேன். நான் அப்படிப்பட்டவன். அதனால்தான் கழற்றினேன்.