பெருசா இருந்த இருபது

நான் டாக்டரெல்லாம் இல்லக்கா. பத்தாவதோட பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவ. உங்க ரிப்போர்ட்ல ஒண்ணுமில்லன்னு இருக்குல்ல, அது மனுசன் பாத்துச் சொன்னதில்ல, மெஷின் சொன்னது. அந்த மெஷினுக்குப் புரோகிராம் எழுதுற கம்பெனியிலதான் எனக்கு வேலை.

சிரிக்காதீங்க, எடுபிடி வேலைதான். புரோகிராம்ல ஒரு வரி மாத்தினாலும், மெஷின் இன்னும் சரியாப் பாக்குதான்னு ஒரு டெஸ்ட் தானா ஓடும். அதுக்குன்னு நுரையீரல் ஸ்கேன் நானூறு வச்சிருந்தோம். எதுல எங்க கட்டின்னு எங்களுக்கு முன்னாடியே தெரியும். மெஷின் அதைக் கண்டுபிடிச்சா பச்சை, கோட்டை விட்டா சிவப்பு. ஒவ்வொண்ணும் யானை கணக்கா எடம் பிடிக்கும். அதனால புரோகிராமோட சேக்காம தனி டிஸ்க்ல கெடக்கும். அந்த டிஸ்க்குக்கு நான் காவல்.

டிஸ்க் ரொம்பிடுச்சு. எங்க சீனியர், தாடின்னு கூப்பிடுவோம், சாயங்காலத்துக்குள்ள எடம் பண்ணுன்னாரு. எதைத் தூக்கன்னு கேட்டேன். படிக்கலன்னா பெருசு சிறுசு கூடவா தெரியாதுன்னாரு. ரோஷம் வந்துடுச்சு. இருக்கறதுலயே பெருசா இருந்த இருபதை அழிச்சுட்டேன்.

சிவப்பா? அதெங்க. ஃபைல் இல்லன்னா அந்த டெஸ்ட்டைத் தாண்டிப் போயிடுன்னு எவனோ எழுதி வச்சிருக்கான். தாண்டினதையும் பச்சையிலதான் சேத்துக்கும். இப்பல்லாம் சீக்கிரம் முடியுதேன்னு தாடி என்னைத் தட்டிக்கூடக் குடுத்தாரு.

அதுங்க மட்டும் ஏன் அவ்வளவு பெருசுன்னு நான் யோசிக்கல. நுரையீரலை மெல்லிசு மெல்லிசா சீவின மாதிரி படம் எடுத்த ஸ்கேன் அக்கா அதெல்லாம். மிளகு அளவு கட்டி அதுலதான் தெரியும். அடுத்த மாசம் எவனோ புரோகிராமை மாத்தினான், மிளகெல்லாம் மெஷின் கண்ணுல படாமப் போச்சு. டெஸ்ட்டு பச்சைப்பசேல்னு இருந்துச்சு. அந்தப் புரோகிராமை அப்படியே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டாங்க.

சொல்லாம இருப்பேனா? நான் அழிச்ச இருபதாலதான்னு தெரிஞ்ச அன்னைக்கே தாடிகிட்ட சொன்னேன். சரி பண்ணியாச்சு, வாயை மூடிக்கன்னாரு. மெஷினைச் சரி பண்ணாங்க. பழைய ரிப்போர்ட்டை எவன் திருப்பிப் பாத்தான்? உங்களுது அந்தச் சமயத்துல எடுத்தது அக்கா, தேதி தெரியுது. ஸ்கேனை டாக்டரையே கண்ணால பாக்கச் சொல்லுங்க.

எனக்கா? நான் நல்லாத்தான் இருக்கேன். அம்மாவைக் கூட்டிட்டு வந்தேன், உள்ள இருக்காங்க. அவங்க ரிப்போர்ட்லயும் ஒண்ணுமில்லன்னுதான் வந்துச்சு. இருமிக்கிட்டே எட்டு மாசம் ஓட்டிட்டாங்க. இன்னொருக்கா காட்டேன்னு அக்கம்பக்கத்துல எல்லாரும் சொல்லியாச்சு. எம்பொண்ணு கம்பெனி மெஷினு, தப்பாச் சொல்லாதுன்னுட்டாங்க. இப்பவும் டாக்டர்கிட்ட அதைத்தான் சொல்லிட்டிருப்பாங்க.