சனிக்கிழமை முழுக்கு

தேத்தண்ணிக்குச் சீனி கூடிவிட்டதென்றால் மன்னிக்க வேண்டும், சேர். என் கை எப்போதும் கொஞ்சம் தாராளம். கதிரையை முற்றத்துப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள். அங்கே மாமரத்தைச் சுற்றி நடக்கிறானே, அவன்தான் என் தம்பி யதுர்ஷன். ஓரிடத்தில் இருக்கமாட்டான். சின்ன வயதிலிருந்தே காலில் சில்லுப் பூட்டியவன் மாதிரித்தான். இப்போது வலது கண்ணில் கட்டு இருப்பதால் அந்தப் பக்கம் வாளி கிடந்தால் இடறுகிறான். ஆனாலும் நடக்கிறான்.

நீங்கள் கொழும்பிலிருந்து துணுக்காய் வரைக்கும் எதற்கு வந்தீர்கள் என்று எனக்குத் தெரியும். பைலட்மாருக்கென்று ஒரு காப்புறுதி இருக்கிறது. உடம்பில் குறை வந்து இனிப் பறக்க முடியாதென்றால் உங்கள் கம்பனி பெரிய தொகை கொடுக்கும். ஆனால் வேண்டுமென்றே தன் கண்ணைத் தானே கெடுத்திருந்தால் ஒரு சதமும் கிடையாது. அவன் உங்களிடம், "முழுகேக்க அரப்பெண்டு நினைச்சு நான்தான் சுண்ணாம்பை எடுத்துப் பூசிட்டன்" என்று சொல்லியிருக்கிறான். கழுத்துவரை கடன் உள்ளவன் அப்படிச் சொன்னால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? அவன் சொன்னது பொய், சேர். அதைத் திருத்தத்தான் உங்களைக் கொஞ்சம் இருக்கச் சொன்னேன்.

கடன் எப்படி வந்ததென்று முதலில் சொல்லவேண்டும். பைலட் படிப்புக்கு வெளிநாட்டில் டொலரில் எடுத்த கடன். எங்கள் வயலும் இந்த வீடும் ஈடு. அவன் சீருடை போட்டு நிமிர்ந்த கையோடு கொரோனா நோய்க்காலம் வந்தது. விமானங்கள் நின்றன, சம்பளம் பாதியானது. பிறகு ரூபா விழுந்தது. வாங்கின கடன் இருந்த இடத்திலேயே இருந்து இரட்டித்தது. ஆனாலும் அவன் கையைச் சுருக்கவில்லை. "எல்லாப் பைலட்மாரும் இப்பிடித்தான் அக்கா. சம்பளம் வாறதுக்கு முதலே செலவு இறங்கிடும்" என்பான். லீசிங்கில் கார், கார்டில் கைமணிக்கூடு, அந்தக் கார்டை அடைக்க இன்னொரு கார்டு. கூட வேலை செய்பவர்களோடு விருந்துக்குப் போனால் காசை அவனே கட்டவேண்டும். வன்னிக் காட்டிலிருந்து வந்தவன் என்று ஒருத்தரும் குறைவாக நினைத்துவிடக் கூடாதாம். விரலுக்கேற்ற வீக்கம் வேண்டுமடா என்று எத்தனை தரம் ஏசியிருப்பேன்.

நாங்கள் அவனிடம் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. வீட்டுக்கு ஒரு மேல்மாடி. பைலட்டின் வீடு வெறும் ஓட்டுவீடாக இருந்தால் ஊர் என்ன கதைக்கும்? உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூடலாமா? பிறகு கோயில் திருவிழாவில் ஒரு நாள் எங்கள் உபயம். என் மகள் தாட்சாயினி பெரியபிள்ளையானபோது சாமத்தியவீட்டுக்கு மேளம், வீடியோ, மேலே பறந்து படம் எடுக்கிற ட்ரோன். சொந்தக்காரப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு சங்கிலி. அவன் எதற்கும் இல்லையென்று சொன்னதில்லை. எங்கிருந்து எடுக்கிறாய் என்று நானும் கேட்டதில்லை. ஆம்பிளைப் பிள்ளையின் காசுக் கணக்கில் தலையிடுவது எனக்குப் பழக்கமில்லை.

போன ஆடியில் வங்கிக்காரர் வந்து வளவை அளந்துகொண்டு போனார்கள். ஏலமாம். என் கணவர் யோகலிங்கம் அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. இது என் மாமனார் காடு வெட்டித் திருத்திய காணி, சேர். சண்டையில் இடம்பெயர்ந்து, முகாமில் கிடந்து, திரும்பி வந்து, கண்ணிவெடி எடுத்து முடியும்வரை காத்திருந்து நாங்கள் மறுபடியும் திருத்திய காணி. அதை இன்னொருத்தன் உழுவதை வேலிக்கு வெளியே நின்று பார்க்க என்னால் முடியாது.

அந்த நேரம்தான் தம்பி லீவில் வந்தான். குசினி வாசலில் குந்தியிருந்து தோசை தின்றபடி, "ஒரு கண் போனாப் போதும் அக்கா. காப்புறுதிக் காசில கடன் முழுக்க முடிஞ்சிடும்" என்றான். சொல்லிவிட்டுச் சிரித்தான்.

"வாயைக் கழுவடா" என்று ஏசினேன். ஆனால் நீங்களே யோசித்துப் பாருங்கள், வழியைக் காட்டியவன் அவன்தானே? பறப்பதிலும் அவனுக்கு மனம் விட்டுப்போயிருந்தது. போன் மணி அடித்தால் திடுக்கிடுவான். சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு வளவைச் சுற்றுவான். பிள்ளைக்கு ஒரு ஓய்வு தேவைப்பட்டது.

எங்கள் பக்கத்தில் ஆண்கள் புதனும் சனியும் எண்ணெய் வைத்து முழுகுவார்கள். லீவில் வந்தால் அவனுக்கு எண்ணெய் வைத்து அரப்புத் தேய்ப்பது நான்தான். அம்மா செல்லடியில் செத்த நாளிலிருந்து அப்படி. ஊரெல்லாம் அண்ணாந்து பார்க்கிற பைலட், கிணற்றடிக் கல்லில் இருந்து தலையை என் கையில் கொடுத்துவிடுவான். அரப்பு கண்ணில் பட்டால் எரியும் என்று சின்னப்பிள்ளை மாதிரி இறுக்கி மூடிக்கொள்வான். நான் சொன்னால்தான் திறப்பான். மதிலுக்கு வெள்ளையடிக்க நீற்றிய சுண்ணாம்பு கிணற்றடியிலேயே இருந்தது.

அன்று சனிக்கிழமை. தலையைத் தேய்த்துக்கொண்டே, "கண்ணைத் திற ராசா, சிவந்திருக்கோ எண்டு பாப்பம்" என்றேன்.

திறந்தான்.

சத்தம் கேட்டு என் கணவர் வயலிலிருந்து ஓடி வந்தார். தண்ணீரை நானேதான் அள்ளி ஊற்றினேன், சேர். உடனே ஊற்றவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

உங்கள் முகம் மாறுகிறது. என்னை அரக்கி என்று நினைக்கிறீர்கள். சண்டைக் காலத்தில் பங்கருக்குள் நாள்கணக்காக அவனுக்கு மேலே நான் கவிழ்ந்து கிடந்தேன். என் முதுகில் இன்னும் செல்துண்டு இருக்கிறது; அவன் உடம்பில் ஒரு கீறல் விழவில்லை. அந்த உடம்பை முழுசாக வைத்திருந்தவள் நான். அதில் ஒன்றைக் கேட்க எனக்கு உரிமையில்லையென்று யார் சொல்வது?

ஆஸ்பத்திரியில் அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, தெரிஞ்சோ செய்தனீங்கள்?" என்று ஒரேயொரு தரம் கேட்டான்.

"உனக்கென்ன விசரா?" என்றேன்.

பிறகு கேட்கவில்லை. டொக்டரிடமும் பொலிசிடமும் கடைசியில் உங்களிடமும் தானே பூசியதாகச் சொல்லிவிட்டான். என்னைக் காப்பாற்றுகிறானாம். அந்த நல்ல மனதால்தான் இப்போது காசு நிற்கிறது. கோபம் வருமா, வராதா?

ஆகவே எழுதுங்கள். செய்தது விமலேஸ்வரி, அவனுடைய சொந்த அக்கா. அவனுக்கு இதில் ஒரு பங்கும் இல்லை. பொலிசுக்கு நானே வருகிறேன்; சேலைகூட மாற்றித்தான் வைத்திருக்கிறேன். காசு வந்தால் காணி தப்பும். அவனும் அலையாமல் இங்கேயே இருக்கலாம். எல்லாம் அவனுக்காகத்தான்.

என்ன சொல்கிறீர்கள்? மற்றக் கண் நன்றாக இருப்பதால் காலம் போக டொக்டர்மார் அவனைப் பறக்க விடவும் கூடுமா? அப்படியென்றால் முழுத்தொகையும் கிடைக்காதா?

இதை ஒருத்தரும் எங்களுக்குச் சொல்லவில்லையே, சேர். அன்று என் கையில் சுண்ணாம்பு மிச்சம் இருந்தது. மற்றக் கண்ணை அவன் உடனே மூடவும் இல்லை. நம்பமுடியாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பாவம் பிள்ளை என்று இரங்கி ஒன்றோடு நிறுத்திவிட்டேன். நான் விட்ட பிழை அது ஒன்றுதான்.