வெட்டப்பட்ட இரண்டு வாக்கியங்கள்

அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் ஐயா அவர்களே! அவர் அருகில், என் முகத்தைப் பார்க்காமல் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் பதிப்பாளர் அவர்களே! ஆன்றோரே, சான்றோரே! வேலை முடிந்த களைப்போடு வந்திருக்கும் தாய்மார்களே! இஸ்திரிச் சூட்டில் தழும்பேறிய கைகளை மடியில் வைத்து முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் என் அம்மாவே! அனைவருக்கும் என் வணக்கம்.

மாபெரும் நாவலாசிரியரின் நூற்றாண்டு விழா இது. அவருடைய படகோட்டியை நினைத்து அழாதவர் இந்த அரங்கில் உண்டா? வெள்ளத்தில் ஊர்ப்பிள்ளைகளை எல்லாம் ஏற்றிவிட்டு, தனக்கு இடமின்றித் தண்ணீரில் தனியே நின்றானே, அவனுக்காகத் தலையணை நனையாத வீடு உண்டா? நானும் நனைத்தவள்தான். அந்த நாவலை ஒலிநூலாக வாசிக்க என்னை அழைத்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒலிப்பதிவு அறையில் ஒரு வழக்கம் உண்டு. வாசிப்பவர் தடுமாறினால், ஒலிவாங்கிக்கு முன்னால் ஒருமுறை கை தட்ட வேண்டும். அந்தச் சத்தம் கணினித் திரையில் ஒரு கோடாக எழும்பி நிற்கும். ஒலிப்பதிவுத் தம்பி பிறகு அந்தக் கோட்டைத் தேடிப்போய், அதற்கு முன்னால் இருக்கும் பிழையை வெட்டிவிடுவார்.

பாதி நாவலில் ஒரு சலவைக்காரி வருகிறாள். அவளைப் பற்றி ஆசிரியர் தம் சொந்த வாக்காகவே இரண்டு வாக்கியங்கள் எழுதியிருக்கிறார். வாசித்தேன். வாசித்து முடித்ததும் என் கை என்னைக் கேட்காமல் தட்டிவிட்டது.

"என்னக்கா, சரியாத்தானே வாசிச்சீங்க?" என்றார் தம்பி.

"நான் சரியாத்தான்பா வாசிச்சேன். எழுதினவருதான் சரியா எழுதல. அத வெட்டிடாத" என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்தேன். ஆனால் வேலை மும்முரத்தில் அவர் வழக்கப்படி வெட்டிவிட்டார். ஒலிநூல் வெளிவந்தது. ஊரே உச்சி குளிர்ந்தது. "எவரையும் இழிவு செய்யாத இதயம்!" என்று எழுதினார்கள். எப்படி இருக்கும் இழிவு? அதைத்தான் வெட்டியாயிற்றே!

பதிப்பாளரிடம் ஓடினேன். என்ன சொன்னார் தெரியுமா? "விடுங்கம்மா, நல்லதாப் போச்சு. பெரிய மனுஷர் பேரும் கெடல, உங்காளுங்க மனசும் நோகல." கவனித்தீர்களா? உங்காளுங்க! அந்த ஒரு சொல்லுக்கு நான் எத்தனை முறை கை தட்டுவது?

பின்வரிசையில் ஒரு குரல் கேட்கிறது. "அந்தக் காலம் அப்படி" என்கிறீர்களா ஐயா? அந்தக் காலத்திலும் அவர் சட்டையை ஒருத்தி துவைத்துத்தானே கொடுத்திருப்பாள்? அவளுக்கும் அதுதானே காலம்? காலத்தின் கருத்தை அவளிடம் கேட்டவர் யார்?

புத்தகத்தை எரிக்கச் சொல்கிறேனா? இல்லை. எரிக்கவும் மனமில்லை, மறக்கவும் வழியில்லை. வேண்டாதவர் எழுதியிருந்தால் வீசிவிட்டுப் போயிருப்பேன். நான் நேசித்தவர் அல்லவா எழுதினார்! படகோட்டிக்கு இன்றும் என் கண் கலங்குகிறது. அப்படிக் கலங்குவதற்காக என்மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

தாய்மார்களே, என் அம்மா சலவைக்கூடத்தில் இஸ்திரி போட்டபடியே அந்த ஒலிநூலைக் கேட்டாள். "பாத்தியாடி! நம்ம தொழில்காரி ஒருத்தி வந்தா, துணிய எண்ணிக் குடுத்தா, மரியாதையாப் போயிட்டா. எவ்ளோ நல்ல மனுஷர்!" என்று பூரித்தாள். என்னால் பொறுக்க முடியவில்லை. உண்மையைச் சொன்னேன்.

இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "என்ன எழுதியிருந்தான் அந்த ஆளு?"

சொன்னேன். மேசைமேல் கிடந்த சட்டையை எடுத்து உதறிப் பிரித்தாள். அப்புறம் கேட்டாள்: "கறைய உள்பக்கமா மடிச்சு வெச்சு, மேல பளபளன்னு இஸ்திரி போட்டுக் குடுக்கறதுக்குப் பேரு என்னடி? இந்த வயசு வரைக்கும் நான் ஒரு சட்டைகூட அப்படிக் குடுத்ததில்ல."

ஆகவே, அவைத்தலைவர் அவர்களே! சிறந்த குரலுக்கான விருது உங்கள் மேசைமேல் இருக்கிறது. வெட்டிய வாக்கியங்கள் திரும்ப வரட்டும், வாங்கிக்கொள்கிறேன். வராவிட்டால் விருதும் வேண்டாம், அந்த ஒலிநூலில் என் குரலும் வேண்டாம்.

பதிப்பாளர் அவர்களே, ஒலிபெருக்கியை அணைக்கச் சொல்லிச் சைகை காட்டுகிறீர்களா? அணையுங்கள்! கடைசி வரிசை வரை கேட்கும் என்றுதானே இந்தக் குரலுக்கு விருது கொடுக்கிறீர்கள்?

அம்மா, தலையைக் குனியாதே. நூற்றாண்டு விழா நாயகரின் அந்த இரண்டு வாக்கியங்களை இந்த அவையின்முன் வாசிக்கிறேன்:

"துணி வெளுப்பவர் வீட்டில் பிறந்தவளை வாசற்படியோடு நிறுத்துவதே அறிவுடைமை. திருட்டு அவர்களுக்குத் தாய்ப்பாலோடு ஊட்டப்படுவது."

எனக்குப் பாலூட்டியவள் முதல் வரிசையில் இருக்கிறாள். ஒருமுறை அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, அதன்பிறகு அவரைக் கொண்டாடுங்கள். பொறுத்திருந்து கேட்டவர்களுக்கும், பொறுக்காமல் எழுந்து போனவர்களுக்கும் நன்றி. வணக்கம்.