கடைசிச் சத்தம் அடங்கும்வரை

பிற்பகல் மூன்று மணி. ஸ்பிரிங்வெளி தோட்டத்துக்கு மேலே, துரை பங்களாவுக்கு ஏறும் தனி ரோடு. ஈ காக்கா இல்லை... பனிமூட்டம் இறங்கி, நீட்டிய கை கண்ணுக்குத் தெரியவில்லை.

நெருங்கி உட்காருங்கள். இருமல் வருகிறவர்கள் இப்போதே இருமி முடித்துவிடுங்கள், நடுவில் வேண்டாம். இது ஐம்பத்தேழில் நடந்தது, நம்ம யேசுரத்தினத்தின் அண்ணன் பிலிப்புக்கு. யேசுரத்தினம் இதோ இருக்கிறான். பொய்யென்றால் அவனே எழுந்து சொல்லட்டும்.

பிலிப்பு தேயிலை ஃபேக்டரியில் கரண்டு வேலை பார்த்தவன். அன்று அவன் தலையில் சாக்குச் சுற்றிய டேப் ரெக்கார்டர், தோளில் இரண்டு மைக். பதுளை பஜாரில் ரேடியோ கடை வைத்திருந்த லத்தீப் நானாவிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கியவை. பிலிப்புக்கு ஃபியூஸ் போடத் தெரியும். ஒலிப்பதிவு செய்வது அதுதான் முதல் தடவை.

எல்லாம் பெண்சாதி றோசாலிக்காக. ஒன்பது வருஷம் அந்தப் பங்களாவில் ஆயாவாக இருந்தவள். தினமும் நாலு மணிக்குத் துரைசாணி பெரிய பியானோ முன்னால் உட்காருவாள். றோசாலி திரைக்குப் பின்னால் நின்று கேட்பாள். உள்ளே வரச் சொன்னாலும் வரமாட்டாள், அவ்வளவு கூச்சம். இப்போது சயரோகம் முற்றி, பதுளை ஆஸ்பத்திரியில் கிடந்தாள். யூக்கலிப்டஸ் தைலம் தேய்த்துத் தேய்த்தும் அடங்காமல், இருமி இருமி உடம்பு குச்சியாகிவிட்டது. டாக்டர் கையை விரித்துவிட்டார். துரைசாணியும் அடுத்த வாரம் சீமைக்குக் கப்பலேறுகிறாள், பியானோவும் கூடவே போகிறது.

"அந்தப் பாட்ட ஒருக்கா கேட்டுட்டாப் போதுங்க," என்றாள் றோசாலி. கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அவள் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான்.

துரைசாணி தட்டாமல் சம்மதித்தாள். பிலிப்பு முதலில் மைக்கைப் பியானோவின் வயிற்றுக்குள்ளேயே விட்டான். ஹெட்போனில் கேட்டால்... டொக், டொக். கட்டை கம்பியில் அடிக்கிற சத்தம்தான், பாட்டைக் காணோம். அப்புறம்தான் நானா படித்துப் படித்துச் சொன்னது நினைவு வந்தது. மூடியை முட்டுக் கொடுத்துத் திற. மைக்கைக் கையெட்டும் தூரத்துக்குத் தள்ளி வை. தடித்த கம்பிக்கு ஒன்று, மெல்லிய கம்பிக்கு ஒன்று. கடைசிச் சத்தம் முழுசாக அடங்கும்வரை ஒருத்தரும் மூச்சுக்கூட விடக்கூடாது.

நாலு இருபது. துரைசாணி மறுபடி வாசித்தாள். இப்போது பாட்டு அப்படியே காதில் வந்து நிறைந்தது. முடிகிற நேரம்... எங்கிருந்தோ யூக்கலிப்டஸ் தைல வாசம். திரைக்குப் பின்னால் ஓர் இருமல். வறண்ட, இழுத்த இருமல். அடங்கும் முன்னே இன்னொன்று.

சமையற்கட்டுப் பெரியாயிதான் என்று நினைத்தான். பஸ்ஸுக்கு நேரமாகிற பதற்றம் வேறு. துரைசாணி இருப்பதையும் மறந்து திரையைப் பார்த்துக் கத்திவிட்டான்.

"அறிவிருக்கா ஒனக்கு? கடைசிச் சத்தம் அடங்குற வரைக்கும் வாயப் பொத்திக்கிட்டு நில்லு!"

திரை லேசாக அசைந்தது.

கையில் இருந்தது ஒரே டேப். அதைப் பின்னுக்குச் சுற்றி, அந்த இருமலின் மேலேயே மறுபடி பதிந்தான். இந்த முறை ஹெட்போனை மாட்டவில்லை. மெஷினின் பச்சை விளக்கு துடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தான். பாட்டு முடிந்த பிறகும் இருபது வரை எண்ணி, அப்புறம்தான் நிறுத்தினான்.

வெளியே வந்தால், பெரியாயி விறகுக் கட்டோடு மேட்டில் ஏறி வருகிறாள். மத்தியானமே மலைக்குப் போனவளாம், இப்போதுதான் திரும்புகிறாளாம். பிலிப்பு பஸ்ஸைப் பிடிக்க ஓடினான்.

ஆஸ்பத்திரியில் கட்டில் காலி. மெத்தையைச் சுருட்டி வைத்திருந்தார்கள். எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டான். நாலேகாலுக்கு என்றாள் நர்ஸ்.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள், மெஷினைத் திருப்பிக் கொடுக்கப் போனான். தோட்டத்து லயத்து வீட்டில் ஏது கரண்டு? பதிந்ததை அவன் அதுவரை கேட்கவே இல்லை. நானா கடைப் பலகையைச் சாத்திவிட்டு, நடந்ததையெல்லாம் விசாரித்தார்.

"பதினோரு வருஷத்துல ஒரு நாள் ஏசினதில்ல நானா," என்றான் பிலிப்பு. "கேக்கணும்னு அவ்வளவு தூரம் வந்தவள... ஏசிப்புட்டேன். வந்த சத்தத்தையும் நானே அழிச்சிப்புட்டேன்."

நானா டேப்பை ஓடவிட்டார். பாட்டு சுத்தமாக வந்தது. ஒரு குறையில்லை, ஒரு இருமல் இல்லை. கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்று பிலிப்பு மேசையில் தலையைக் கவிழ்த்து, விம்மி விம்மி அழுதான்.

கடைசிச் சத்தம் மெலிந்து... இன்னும் மெலிந்து... முழுசாக அடங்கியது. டேப் உரசுகிற இரைச்சல் மட்டும். நானா நிறுத்தப் போனார். பிலிப்பு சட்டென்று அவர் கையைப் பிடித்தான்.

திரைக்குப் பின்னால் அல்ல. மைக்குக்கு வெகு பக்கத்தில்... சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தியபடி... அவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்த ஒரே ஓர் இருமல்.