கப்பல் வருகுது எண்ட குரல்

இல்லையண்ணை, அசையாதேங்கோ. உந்த மைக்கை நான் குத்திவிடுறன். கொலரிலை குத்தினாத்தான் சரி. பொக்கற்றுக்குள்ளை வைச்சா உங்கட வயிறு உறுமிறதெல்லாம் கேக்கும். ஆ, அப்பிடி. மூச்சு விடலாம் அண்ணை, நான் டொக்டர் இல்லை.

இனிக் கதையுங்கோ. என்னவாவது கதையுங்கோ, சவுண்ட் பாக்க வேணுமெல்லோ. வண் ரூ த்றீ எண்டு சொல்லிப் பாக்கிறது கலியாணவீட்டு ஆக்களுக்கு. உங்களை மாதிரிப் பேச்சாளருக்கு அது காணாது. ஏறி இறங்கிக் கதைச்சாத்தான் நான் இதைத் திருகிச் சரிபண்ணலாம். இந்தச் சிவப்பு லைற்றோ? அது சும்மா, கரண்ட் இருக்கெண்டு காட்டுது.

மேலை ஹோல் நிறைஞ்சிட்டுது. பாதி எங்கட பாரிஸ் தமிழ்ச் சனம். லா சப்பலிலை கடையைப் பூட்டிப்போட்டு வந்தவை, ஓல்னேயிலையிருந்து றெயினிலை வந்தவை. மற்றப் பாதி குர்திஸ்காரர். அவைக்குத் தமிழ் தெரியாது, எங்கடயளுக்குக் குர்திஸ் தெரியாது. ஹலோ சொல்லிறதுக்கே கையாலை பரதநாட்டியம் ஆடுதுகள். அதுதான் எல்லாருக்கும் காதிலை மாட்டிற சாமான் குடுத்திருக்கு. நீங்கள் தமிழிலை சொல்ல, உங்கட மகள் லக்ஷனா கண்ணாடிக் கூட்டுக்குள்ளை இருந்து பிரெஞ்சிலை சொல்லுவா. கெட்டிக்காரப் பிள்ளை. என்ர அப்பா ஒரு பொய் சொல்லமாட்டார் அங்கிள் எண்டு காலமையும் சொன்னவ.

ஓமோம், நேரம் கிடக்கு. கூப்பிடேக்கை போவம். இஞ்சை கீழை ஒரு சத்தமும் வராது, நிம்மதியாக் கதைக்கலாம்.

உங்கட குரலிலை நான் கதைச்சு நீங்கள் கேட்டதில்லையோ? ஐயோ, லா சப்பலிலை கேக்காத ஆள் நீங்கள் ஒராள்தான். சாமத்தியச் சடங்கிலை சாப்பாடு பிந்தினா என்னைத்தான் மைக்கோடை விடுவினம். பாருங்கோ. அன்பான உறவுகளே! வணக்கம்! வாமதேவன் பேசுகிறேன்! உலக அரசியல் என்பது ஒரு சதுரங்கப் பலகை! வல்லரசுகள் காய் நகர்த்துகின்றன! எப்பிடி? அந்த ஒரு செருமல் கிடக்கெல்லோ, வல்லரசுக்கும் காய்க்கும் இடையிலை, அதுதான் கஸ்டம். சிரியுங்கோ அண்ணை, கோவிக்காதேங்கோ.

பேரிவானைத் தெரியுமோ? ஃபோபூர் சன் தெனித் தெருவிலை கெபாப் கடை வைச்சிருக்கிற பெட்டை. ஓம், முன்வரிசையிலை பச்சைச் சால்வை. நான் ஸ்பீக்கர் பெட்டி தூக்கிப்போட்டு வாற நேரம் சின்னக் கிளாசிலை தேத்தண்ணி தருவா. சீனிக்கட்டியைப் பல்லிலை கடிச்சுக்கொண்டு குடிக்க வேணுமாம். என்ர பேர் மடுத்தீன் எண்டு அவவின்ர வாயிலை வராது, மாடு எண்டுதான் கூப்பிடுவா. பிரெஞ்சிலை சொல்லுவா, மாடு, எங்களை நாலு நாட்டுக்குள்ளை வெட்டிப் போட்டாங்கள், துருக்கி, சிரியா, ஈராக், ஈரான் எண்டு. நான் சொல்லுவன், நீங்கள் வசதியான ஆக்கள், உங்களை அடிக்க நாலு அரசாங்கம், எங்களுக்கு ஒண்டுதானே எண்டு. அவ கெபாப் சீவிற கத்தியைத் தூக்கிக் காட்டுவா.

இப்ப அவ சிரிக்கிறேல்லை. அங்கை சிரியாவிலை அந்தக் கறுப்புக்கொடிக்காரரோடை ரோட்டு ரோட்டா அடிபட்டுச் செத்தது இவையின்ர பெடியள் பெட்டையள். அமெரிக்கன் மேலை பிளேனிலை நிண்டவன். இப்ப வேலை முடிஞ்சுதாம், வாகனத்தைத் திருப்பிறான். சட்டியெல்லாம் கழுவிக் கவிட்டு வைச்ச உடனை, நாளையிலையிருந்து வராதை எண்டு முதலாளி சொல்லுவானெல்லோ, அந்த மாதிரி. சனம் ரோட்டிலை நிண்டு அவன்ர வாகனத்துக்கு உருளைக்கிழங்காலை எறிஞ்சுது. போனிலை காட்டினவ. ஒரு கிழவர் கையிலை கிடந்த கிழங்கை எறியிறதோ வேண்டாமோ எண்டு பாத்துப்போட்டு... இப்பிடி... எறிஞ்சார். துருக்கி ஆமி இந்தப் பக்கத்தாலை வருகுது. ரஷ்யன் அந்தப் பக்கத்தாலை வாறான். வீட்டுக்காரனைக் கேக்காமல் வாடகைக்கு ஆள் மாறிற மாதிரி.

அவவின்ர தங்கச்சி அங்கை சிரியாவிலை, கொபானி எண்ட ஊரிலை, ரெண்டு சின்னனுகளோடை. பக்கத்து வீட்டுக்காரர் வானிலை ஈராக் பக்கம் போகினம், இடம் இருக்கு வா எண்டு கூப்பிடுகினம். தங்கச்சி கேக்கிறா, நிக்கிறதோ போறதோ எண்டு. பேரிவானுக்கும் தெரியேல்லை. நேற்றுச் சொன்னா, மாடு, உங்கட பெரிய ஆள் நாளைக்குப் பேசுறார், உங்களுக்கு இது நடந்து முடிஞ்சது, அவர் சொல்லுறதைக் கேட்டுப்போட்டுத்தான் நான் போன் எடுப்பன் எண்டு.

அதுதான் கேக்கிறன். என்ன சொல்லப் போறியள்?

ஆ... மண்ணை விட்டு நகராதேங்கோ. உலகம் கைவிடாது. ஐரோப்பா இறங்கும். நல்லாயிருக்கு, சவுண்டும் நல்லா வருகுது. ஆனா, எனக்குப் படிப்பில்லையண்ணை, விளங்கத்தான் கேக்கிறன். உண்மையிலை ஆராவது வருவினமோ? என்ன? இந்தப் பக்கம் திரும்பிச் சொல்லுங்கோ, மைக்கிலை விழேல்லை. ஒருத்தரும் வராயினமோ. ஓ. உங்களுக்கு அது வடிவாத் தெரியுமோ. பின்னை? ம்... மேடையிலை அப்பிடிச் சொல்லேலாது. சனம் சோந்து போகும். சரிதான், அரசியலெல்லோ.

இல்லை, போன் அடிச்சது என்ரதான். அது கிடக்கட்டும். நீங்கள் இருங்கோ.

நான் முந்தி றெஸ்ரோறன்றிலை கோப்பை கழுவினனான். சிங்குக்கு மேலை ஒரு சின்ன ரேடியோ, கொழுப்பு வழிஞ்சு மஞ்சளாப் போனது. ரெண்டாயிரத்து ஒன்பதிலை, ஊரிலை கடைசிச் சண்டை நேரம், அதுக்குள்ளை உங்கட குரல்தான். பகல் இன்வலிட்டிலை ஆர்ப்பாட்டத்துக்குப் போய்க் கத்துவம், பின்னேரம் வந்து கழுவிக்கொண்டு உங்களைக் கேப்பம். கப்பல் வருகுது, அமெரிக்கன் கப்பல் அனுப்புறான், சனம் இருக்கிற இடத்தை விட்டு அரக்கக்கூடாது. ஞாபகம் இருக்கோ? எனக்கு அந்தச் செருமலோடை ஞாபகம். வருகுது... க்ஹும்... கப்பல்!

என்ர அக்கா ஆலீஸ் அப்ப மாத்தளனிலை. மன்னாரிலை துவங்கி இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து கடைசியா அந்தக் கடற்கரை மண்ணிலை. மனுசன் முதலே ஷெல்லிலை செத்துப்போனார். கைப்பிள்ளையும் மூத்தவளும் அவவும் ஒரு பங்கருக்குள்ளை. வரிசையிலை நிண்டு சற்றலைற் போனிலை எடுத்தவ. தம்பி, பக்கத்து பங்கர் ஆக்கள் இண்டைக்கு இருட்டினாப் பிறகு களப்புத் தண்ணியாலை அங்காலை ஆமிப் பக்கம் கடக்கப் போகினம், எங்களையும் கூப்பிடுகினம், என்னடா செய்ய எண்டு கேட்டவ. எனக்கு என்ன தெரியும்? கைமுட்டச் சவர்க்கார நுரை. மேலை ரேடியோவிலை நீங்கள் கதைச்சுக்கொண்டிருக்கிறியள். அக்கா, நான் சொல்லேல்லை, படிச்ச மனிசன் சொல்லுறார், நீயே கேள் எண்டு போனை ரேடியோவுக்குக் கிட்டப் பிடிச்சன். உங்கட வாயாலை கேக்கட்டும் எண்டு.

பக்கத்து பங்கர் ஆக்கள் கடந்திட்டினம். இப்ப கனடாவிலை இருக்கினம். அவைதான் பேந்து சொன்னவை. வா ஆலீஸ், வா எண்டு கையைப் பிடிச்சு இழுத்தவையாம். அக்கா சொன்னவவாம், நீங்கள் விசரர், கப்பல் வருகுதாம், பாரிசிலை பெரிய ஆள் சொன்னவர் எண்டு. சேலையைக் கூட மடிச்சு வைச்சிட்டாவாம், கப்பலிலை ஏறேக்கை கட்டலாம் எண்டு. விடிஞ்சாப்போலை ஷெல் அந்த பங்கருக்குள்ளைதான் விழுந்ததாம். மூண்டு பேருமண்ணை.

தண்ணி குடியுங்கோ. ஏன் வேர்க்குது? இஞ்சை குளிரெல்லோ.

கப்பல் இல்லையெண்டு உங்களுக்கு எப்ப தெரிஞ்சது? நான் அடிக்கமாட்டன் அண்ணை, கேக்க மட்டுந்தான் செய்யிறன். பத்து வருசமா உங்கட குரல் என்ர காதுக்குள்ளை கிடக்கு, அதாலைதான் இவ்வளவு வடிவாச் செய்யிறன். ம்? சித்திரைத் துவக்கத்திலையே... ஓ. அக்கா போன் எடுக்கிறதுக்கு முதலே. அமெரிக்கன்ர ஆக்கள் உங்களுக்கு நேரை சொன்னவங்கள், கப்பலும் இல்லை ஒண்டும் இல்லையெண்டு. நேரை. அதுக்குப் பிறகும் பின்னேரம் ரேடியோவிலை வந்து செருமினனீங்கள். சனம் உடைஞ்சு போகக்கூடாதெண்டு. போராட்டம் நிக்க வேணுமெண்டு. என்ன சொன்னனீங்கள், திருப்பிச் சொல்லுங்கோ? சில ஆக்கள் சாகத்தான் செய்வினம்... ம். அப்ப அக்காவும் உங்கட பலகையிலை ஒரு காய்.

நன்றி அண்ணை. உண்மையாத்தான் சொல்லுறன். வடிவா, சத்தமாச் சொன்னனீங்கள்.

எங்கை எழும்புறியள்? இருங்கோ, மைக்கைப் பிடுங்காதேங்கோ, வாடகைச் சாமான். இந்தச் சிவப்பு லைற் என்னெண்டு கேட்டனீங்கள். கரண்ட் எண்டு சும்மா சொன்னனான். மேலை கூட்டுக்குள்ளை லக்ஷனா வாயைத் திறந்து சொல்லேக்கைதான் அது எரியும். மைக்கிலை அப்பாவின்ர குரல் கேட்ட உடனை பிரெஞ்சிலை சொல்லத் துவங்குங்கோ பிள்ளை எண்டு சொல்லிவைச்சனான். சனத்துக்கும் முதலே காதிலை மாட்டியாச்சு, பழகட்டும் எண்டு. நீங்கள் ஒருத்தரும் வராயினம் எண்டேக்கை ஒருக்கா அணைஞ்சது. நிப்பாட்டிப்போட்டாள் எண்டு நினைச்சன். இல்லை, பேந்து பத்தினது. கப்பலைச் சொல்லேக்கை நிண்டு நிண்டு பத்தினது. பிள்ளை ஒண்டையும் விடேல்லை. பாருங்கோ, இப்பவும் எரியுது.

போன் அடிச்சதோ? பேரிவான். இந்தாங்கோ, நீங்களே பாருங்கோ. எல் பார் எண்டு பிரெஞ்சிலை போட்டிருக்கிறா. தங்கச்சி வெளிக்கிடுறாளாம். பிள்ளையள் வானிலை ஏறிட்டினமாம். அண்டைக்கு ரேடியோவுக்குக் கிட்டப் போனைப் பிடிச்ச மாதிரித்தான் அண்ணை, இவையும் உங்கட வாயாலை கேக்கட்டும் எண்டு.

மேலை கூப்பிடுகினம், வாங்கோ. படி இருட்டு, பாத்து ஏறுங்கோ. வணக்கம் சொல்லத் தேவையில்லை, நீங்கள் பேசி முடிஞ்சுது.